ஆறு கட்டிலையும் நிரப்பிய மாப்பிள்ளை

என் மூத்த மகளின் வீட்டுக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றாது. குடிக்க மாட்டார், யார் மேலும் கை நீட்ட மாட்டார், நான் வீட்டுக்குள் நுழைந்தால் முப்பது வருடமாக எழுந்து நிற்கிறார். அவரிடம் இருக்கும் ஒரே கோளாறு, காலியாக எதைப் பார்த்தாலும் தாங்காது. காலி டப்பாவைப் பார்த்தால் எதையாவது போட்டு மூடுவார். சாப்பாட்டு மேசையில் ஆறு நாற்காலி இருந்து நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தால், எதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். அவர்கள் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டிருந்தாலும் சரி.

இந்தப் பழக்கம் தியேட்டரில் ஒட்டியது. இருபத்திரண்டு வருடம் ஒரு சினிமா தியேட்டருக்கு மேனேஜராக இருந்தார். காலைக் காட்சிக்குப் பதினோரு பேர் வந்தால், அந்தப் பதினோரு பேரையும் நடுவில் உட்கார வைத்து, சுற்றிலும் வேலையாட்களின் சொந்தபந்தத்தை ஓசியில் நிரப்புவார். "கூட்டம் இருந்தாத்தான் அத்தை சிரிப்பு வரும். தனியா உட்கார்ந்திருக்கறவன் சிரிக்கவே மாட்டான்" என்பார். அது உண்மைதான். நானே ஒரு படத்தை ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன். ஒன்பதாவது தடவையும் சிரித்தேன், மாப்பிள்ளை பின்னாலிருந்து யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததால்.

தியேட்டரை மூடிக் கட்டில் மெத்தை விற்கும் கடையாக்கினார்கள். மாப்பிள்ளை மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து எங்கள் அலமாரிகளை நிரப்பினார். பிறகு, பால்கனியில் எப்போதும் ஓசியில் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர், தான் கட்டியிருக்கும் புது ஆஸ்பத்திரிக்கு மேனேஜராகக் கூப்பிட்டார். பெரிய டாக்டர் என்றால்தான் அவருக்குப் பிடிக்கும், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஆஸ்பத்திரி அழகாக இருந்தது. ஆளைப் பார்த்ததும் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு. முகம் தெரியும் தரை. மூன்று மாடிக்கு ஒரு லிப்ட், அதை ஓட்ட ஒரு ஆள். இரண்டாவது மாடியில் ஆறு கட்டில் போட்ட ஐசியு. ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் ஒரு டிவி, மூச்சு விட வைக்கும் மிஷின், நீலத் திரை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "எவ்வளவு அமைதியா இருக்கு." அமைதியாக இருக்காமல் என்ன செய்யும்? ஆறு கட்டிலில் ஒரு கட்டிலில்தான் ஆள் இருப்பார். சில வாரம் அவரும் இருக்க மாட்டார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியைச் சொன்னாலே எங்கள் பக்கத்து ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே ஐசியுவில் மட்டும் நாற்பது கட்டில், ஒன்று காலியாவதற்கு முன்னால் இரண்டு பேர் வாசலில் காத்திருப்பார்கள். நடைபாதையெல்லாம் பாய், பினாயில் நாற்றம், யாருக்கும் யார் பெயரும் தெரியாது. இங்கேயோ ஒரு நோயாளிக்கு இரண்டு நர்ஸ். அவர்களுக்கு நோயாளியின் பேரப்பிள்ளைகள் பெயர்கூடத் தெரியும். ஆனால் அந்த நோயாளி பிழைப்பாரா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

போன வருடம் பெரிய டாக்டரும் மாப்பிள்ளையும் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போனார்கள். ஐசியு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் தரம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் சங்கம் நடத்திய கூட்டம். மேடையில் ஒரு டாக்டரம்மா படம் போட்டு விளக்கினாராம். மாப்பிள்ளை அந்தப் படத்தைப் போனில் பிடித்துவந்து, சாப்பிடும்போது எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தக் கோட்டைப் பாருங்க அத்தை. இந்தப் பக்கம் போகப் போக நோயாளி அதிகம். கோடு கீழ இறங்குது பாருங்க. அதான் சாவு."

"கூட்டம் அதிகமானா சாவு குறையுமா மாப்பிள்ளை?"

"அதான் அத்தை ஆராய்ச்சி. உலகம் பூரா பார்த்துட்டாங்க. வருஷத்துக்கு நிறையப் பேரைப் பார்க்கற ஐசியுல கொஞ்சப் பேர்தான் சாகறாங்க. நம்ம இடத்துல கூட்டம் இல்ல. அதான் பிரச்சினையே."

என் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த மாதிரி நோயாளின்னு சொன்னாங்களா?"

"நோயாளின்னா நோயாளிதான். அதுல என்ன மாதிரி?"

டாக்டரம்மா எந்த மாதிரி என்று சொல்லித்தான் இருக்கிறார், மத்தியானத்துக்கு மேல். சாகக் கிடப்பவர்களைத் தினம் தினம் பார்ப்பதால் கை பழகுகிறது, பழகிய கை தப்பு செய்வதில்லை, அதனால்தான் கோடு இறங்குகிறது என்றாராம். ஒரு நர்ஸின் தலையில் அளவுக்கு மேல் நோயாளிகளைக் கட்டினால் கோடு மறுபடி ஏறிவிடும் என்றாராம். கை பழகாத சின்ன இடங்கள், கஷ்டமானவர்களை நேரத்தோடு பெரிய இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னாராம். இதெல்லாம் அந்தக் கூட்டத்துக்கே போயிருந்த வேறொருவர் பின்னால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் மாப்பிள்ளை சாப்பாட்டு வரிசையில் இரண்டாவது தடவை நின்றுகொண்டிருந்தார். பெரிய டாக்டர் மேடைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

வருடத்துக்கு இருநூறு பேரையாவது பார்த்திருந்தால்தான் சங்கத்தின் சான்றிதழ். எங்கள் ஐசியு அறுபதைத் தாண்டியதில்லை. சங்கத்து ஆட்கள் நேரில் வந்து பார்க்க நாலு மாதம் இருந்தது. அவ்வளவுதான், தியேட்டர் மேனேஜர் விழித்துக்கொண்டார்.

கழுத்துப் பிடித்துக்கொண்ட போட்டோகிராபர் ஒருவர் மாத்திரை கேட்டு வந்தார். ஐசியுவில் படுக்க வைத்தார்கள். படியில் சறுக்கிக் கட்டை விரலை முறித்துக்கொண்ட பாத்திரக்கடைக்காரரை நாள் கணக்கில் "கண்காணித்தார்கள்". நாலு நாளாக விக்கல் நிற்காத ஒருவர் வந்தபோது, மாப்பிள்ளை வாசல்வரை போய் அவர் தோளில் கைபோட்டு அழைத்துவந்தார். மூன்று மாதத்தில் ஆறு கட்டிலும் நிரம்பியது. ஒரு சாவு இல்லை. விக்கலில் யார் சாவார்கள்? மாப்பிள்ளை ஒரு பெரிய அட்டையில் கோடு போட்டு ஐசியு வாசலில் மாட்டினார். கோடு மலையிலிருந்து விழுந்த கல் மாதிரி நேராக இறங்கியது.

நானும் யோக்கியம் இல்லை. எனக்கு முட்டி வலி உண்டு. "அத்தை, ஒரு பத்து நாள் ஏசியில படுத்துக்கிட்டு வாங்க. வெயில் எப்படி அடிக்குது பாருங்க" என்றார். அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, முதல் தடவையாகக் கேட்கிறார். வெயிலும் அப்படித்தான் அடித்தது. நாலாவது கட்டிலில் போய்ப் படுத்துவிட்டேன்.

அங்கே இன்சார்ஜ் சிஸ்டர் ஒருத்தி இருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்குப் பக்கம் என்று இங்கே வந்தவள். அவள் நடக்கும்போது பார்க்க வேண்டும். போகிற போக்கில் ஒரு குழாயை நேராக்குவாள், ஒரு போர்வையை இழுத்துவிடுவாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுக்குக் கீழே நாலு பெண்கள். நல்ல பெண்கள், பாவம். விக்கல்காரரின் நெஞ்சில் ஒயர் ஒட்டியிருந்ததால், அவர் ஒவ்வொரு தடவை விக்கும்போதும் மிஷின் கீச்சென்று கத்தும். ஒரு பெண் ஓடிவந்து சத்தத்தை நிறுத்தும் பட்டனை அழுத்துவாள். முதல் நாள் ஓடிவந்தார்கள். இரண்டாம் நாள் நடந்துவந்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி கொண்டை ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலேயே முழங்கையால் அழுத்தினாள்.

இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் என்னிடம் வந்தாள்.

"அம்மா, உங்களைக் கொஞ்சம் குப்புறப் போட்டுப் பாக்கலாமா?"

"எதுக்கும்மா?"

"நுரையீரல் ரொம்பக் கெட்டவங்களைக் குப்புறப் போட்டா மூச்சு கொஞ்சம் சுலபமாகும். வாயில குழாய், கழுத்துல ஊசி எல்லாம் இருக்கும். எதுவும் அசையாம அஞ்சு பேர் சேர்ந்து திருப்பணும். இவங்களுக்குக் கை மறந்துபோச்சு."

சரி என்றேன். நாலு பெண்களும் அவளும் சுற்றி நின்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்றாள். ஒருத்தி இரண்டிலேயே தூக்கினாள், ஒருத்தி மூன்றுக்குப் பிறகு யோசித்தாள். என் தலை ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் போனது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானே உருண்டு படுத்தேன்.

"வாயில குழாய் இருந்திருந்தா இப்ப அது தரையில கிடக்கும்" என்றாள் சிஸ்டர்.

"நாங்க போன வருஷம் ஒரே ஒரு தடவைதானே சிஸ்டர் பண்ணோம்" என்றாள் ஒரு பெண்.

"தெரியும். அன்னைக்குத் தரையிலதான் கிடந்துச்சு."

அதற்குப் பிறகு தினமும் இரண்டு வேளை என்னைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு வாரத்தில் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அவர்களுக்குப் பழகியதா என்பது சந்தேகம்தான்.

சங்கத்து ஆட்கள் வர ஒன்பது நாள் இருந்தது. காலை பதினொரு மணி இருக்கும். லிப்ட் கதவு திறந்தது. லிப்ட்காரர் சக்கர நாற்காலியில் தன் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவள். நாலு நாள் காய்ச்சலோடு தைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். உதடு நீலமாக இருந்தது. மூன்று வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

மாப்பிள்ளை ஓடிவந்தார். ஆள் நிரப்ப ஆரம்பித்த பிறகு உள்ளே வந்த முதல் நிஜ நோயாளி. விக்கல்காரரிடம் போனார்.

"உங்களுக்குச் சரியாயிடுச்சு. கிளம்புங்க."

"எங்க சார், இன்னும் விக்கு..."

"வீட்ல போய்த் தண்ணி குடிங்க."

அவரை எழுப்பிவிட்டு அந்தச் சூட்டோடு அவளைப் படுக்க வைத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் மிஷின் கீச்சென்றது. பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்க்காமல் பட்டனை அழுத்தினாள். எதிர் மூலையிலிருந்து இன்சார்ஜ் சிஸ்டர் நாலே எட்டில் வந்தாள். மாஸ்க் நழுவிக் கழுத்தில் கிடந்தது. அதை ஏற்றிக் கட்டினாள். அந்தப் பெண்ணின் விரலைப் பட்டனிலிருந்து எடுத்து, தன் கையில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தப் பெண் அழுதிருக்க மாட்டாள்.

பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். என் கால்மாட்டில் நின்றுதான் பேசினார்கள்.

"சார், இவங்களை இப்பவே பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிடணும்."

"எதுக்கு? அங்க இருக்கற மிஷினை விட நம்ம மிஷின் புதுசு."

"மிஷினும் புதுசு, அதுக்கு நாமளும் புதுசு. சாயங்காலத்துக்குள்ள குழாய் போட வேண்டி வரும் சார். அப்புறம் குப்புறப் போடணும். குழாய் போட்ட பிறகு வண்டியில ஏத்தறது கஷ்டம். இப்ப உட்கார்ந்து பேசறாங்க. இப்பவே போகணும்."

"அதான் அத்தையை வச்சுத் தினம் திருப்பிப் பழகறீங்களே?"

"அம்மா தானே உருண்டு குடுக்கறாங்க சார். இவங்க உருள மாட்டாங்க."

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், ஒன்பது நாள்ல ஆள் வர்றாங்க. வர்றப்ப ஒரு நிஜமான கேஸ் மிஷின்ல இருந்தா..."

"போன வருஷமும் ஒரு நிஜமான கேஸ் மிஷின்ல இருந்தார். குழாய் தரையில கிடந்துச்சே, அந்த வாத்தியார்."

"அது போன வருஷம்."

"செத்தவருக்கு எல்லா வருஷமும் ஒண்ணுதான் சார்."

டூட்டி டாக்டர் ஒருவர் இருந்தார். சிஸ்டர் சொன்னதற்குத் தலையாட்டினார். போனில் பெரிய டாக்டர் சொன்னதற்கும் தலையாட்டினார். பெரிய டாக்டர் வெளியூரில் எதையோ திறந்து வைத்துக்கொண்டிருந்தாராம். "குடும்பத்துல என்ன விரும்பறாங்களோ அதைப் பண்ணுங்க" என்றாராம். உயிர் போகிற விஷயத்தில் மட்டும் இவர்கள் நம் விருப்பத்தைக் கேட்பார்கள்.

குடும்பம் என்றால் லிப்ட்காரர்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அங்கயா சார்? எங்க அப்பாவை அங்கதான் கொண்டுபோனோம். நடைபாதையிலயே போயிட்டார். அங்க போனவங்க திரும்ப மாட்டாங்கன்னு சொல்றாங்க."

"அங்க ரொம்ப மோசமானவங்கதான் அண்ணே போறாங்க" என்றாள் சிஸ்டர். "அதனால சாவும் கண்ணுல படும். பிழைச்சவங்க பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடறாங்க, அவங்களை யாரும் பாக்கறதில்ல."

லிப்ட்காரர் அவளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆறு வருடமாக மாப்பிள்ளையைத்தான் ஏற்றி இறக்குகிறார். "நீங்க சொல்லுங்க சார்."

அப்போதுதான் மாப்பிள்ளை அந்தக் காரியத்தைச் செய்தார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். காலி இடத்தைப் பார்த்ததும் கை தானாகப் போவது போல, வாய் தானாகப் போய்விட்டது. கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இதோ பாருங்க, என் மாமியார். சொந்த அத்தையவே இங்கதான் வச்சிருக்கேன். நம்பிக்கை இல்லாமலா வச்சிருப்பேன்?"

லிப்ட்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இங்கேயே வைத்திருக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். லிப்ட்காரர் பேனாவை வாங்கிக்கொண்டே, மரியாதைக்கு என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

முப்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மகள் வாழும் வீடு அவருடையது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் தலையணையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள்.

"முட்டி வலி" என்றேன்.

"அத்தை..."

"அதுவும் படி ஏறினாத்தான் வலிக்கும். இங்க லிப்ட் இருக்கு, அதனால வலிக்கல. இந்த ரூம்ல உன் பொண்டாட்டியைத் தவிர வியாதிக்காரங்க யாரும் இல்லப்பா. அந்தக் கட்டில்ல காலையில வரைக்கும் விக்கல்காரர் இருந்தார். அந்தப் பக்கத்துல இருக்கறவருக்குக் கட்டை விரல். அந்த மூலையில கழுத்து. நாங்க எல்லாரும் சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கோம்."

சொல்லிவிட்டு நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். மிஷின் கத்தியது. இந்தத் தடவை நாலு பெண்களும் திரும்பினார்கள். நான் கீழே இறங்கி நின்றேன்.

மாப்பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் அவர் செருப்பைப் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பியது.

"அங்க ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் திருப்பறாங்க?" மெதுவாகக் கேட்டார்.

"நான் இருந்தப்ப, காலையில டீ குடிக்கறதுக்கு முன்னாடி நாலு பேர்."

"அந்த வாத்தியாரை அனுப்பணும்னு அன்னைக்கும் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். அவர் மக கையெழுத்துப் போட்டு இங்கயே வச்சுக்கிட்டாங்க. நீங்கதான் பேனா குடுத்தீங்க."

மாப்பிள்ளை லிப்ட்காரரின் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார். "அண்ணே, நான் சொன்னதைக் கேக்காதீங்க. சிஸ்டர் சொல்றதைக் கேளுங்க" என்றார். லிப்ட்காரரை அவர் அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அங்கே அவளுடைய பழைய சிநேகிதி, "கட்டில் இல்ல, கொண்டு வா, வர்றதுக்குள்ள இருக்கும்" என்றாளாம். அந்தப் பேச்சு எனக்கு விளங்கவில்லை, சிஸ்டருக்கு விளங்கியது. வண்டியில் நோயாளியோடு சிஸ்டரும் லிப்ட்காரரும் ஏறினார்கள். ஒரு இடம் காலியாக இருந்ததால் மாப்பிள்ளையும் ஏறிவிட்டார்.

அங்கே நடந்ததைச் சிஸ்டர்தான் மறுநாள் சொன்னாள். யாரும் மாப்பிள்ளையை சார் என்று கூப்பிடவில்லை. "ஓரமா நில்லுங்க" என்றுதான் சொன்னார்களாம். உட்கார நாற்காலி இல்லை. மூன்று மணிக்குக் குழாய் போட்டார்கள். கண்ணாடி வழியாக மாப்பிள்ளை பார்த்தார். சாயங்காலம் ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி தன் வீட்டில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே கழுத்துப் பக்கம் நின்றாள். ஒன்று இரண்டு மூன்று என்று யாரும் சொல்லவில்லை. போர்வையை உதறி மடிக்கிற நேரத்தில் லிப்ட்காரர் மனைவியைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு, தண்ணீர்க் கதையை முடிக்காமலே அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாராம் மாப்பிள்ளை.

"இவ்வளவுதான் சார். ஆனா கூட்டம் மட்டும் இருந்தா இது வந்துடாது. இங்க ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தி தலையில பத்து பேரைக் கட்டினாங்க, அப்ப இங்கயும் வரிசையா செத்தாங்க. ஆள் போட்ட பிறகுதான் நின்னுச்சு" என்றாளாம் சிஸ்டர். மாப்பிள்ளை அதைக் கேட்டாரா என்று தெரியாது. இன்னொருவரைத் திருப்புவதைப் பார்க்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாராம்.

சங்கத்து ஆட்கள் வந்தபோது எங்கள் ஐசியுவில் ஒரே ஒருவர் இருந்தார். அவருக்கு நிஜமாகவே நெஞ்சு வலி. வாசலில் மாட்டியிருந்த அட்டையை மாப்பிள்ளை கழற்றிவிட்டிருந்தார். சான்றிதழ் கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் மாப்பிள்ளையோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தன்னுடைய யோசனைதான் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். இன்சார்ஜ் சிஸ்டர் ஒன்றே ஒன்று கேட்டாள்: நாலு பெண்களும் முறை போட்டு, மாதத்தில் ஒரு வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் வேலை பார்க்க வேண்டும். மாப்பிள்ளை உடனே ஒத்துக்கொண்டார்.

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போது காலி வண்டியைப் பார்த்தால் தாங்கவில்லை. போன மாதம் தலைசுற்றல் என்று வந்த ஒருவரை, அவர் உட்காருவதற்கு முன்னால் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார், அவ்வளவுதான். அங்கிருந்து சிஸ்டரின் சிநேகிதி போன் செய்தாள்: "உங்க மேனேஜரைக் கொஞ்சம் பிடிச்சுக் கட்டி வைங்கடி."

லிப்ட்காரரின் மனைவி இருபத்து நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாள். குரல் கரகரத்துப்போயிருந்தது, ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை நடுங்கியது. லிப்ட்காரர் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார்.

போன வாரம் முட்டிக்கு மாத்திரை வாங்க நான் போயிருந்தேன். மாப்பிள்ளையும் நானும் லிப்ட்டில் ஏறிப் பின்னால் நின்றோம். முன்னால் ஒரு கணவன் மனைவி, சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். பெரியவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"எந்த மாடி?" என்றார் லிப்ட்காரர்.

"ரெண்டாவது. ஐசியு. இங்க ரொம்ப நல்லாப் பாத்துப்பாங்கன்னு சொன்னாங்க."

"பாத்துப்பாங்க. பக்கத்துலயே உட்கார்ந்து பாத்துப்பாங்க. எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

"நாலு நாளா."

லிப்ட்காரர் பட்டன் பக்கம் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்க. இப்பவே."

"அங்கயா? ஒரே கூட்டமா இருக்குமே."

"அதுக்குத்தான் போகச் சொல்றேன். நாத்தம் அடிக்கும். உங்க பேரைத் தப்பாச் சொல்லுவாங்க. சண்டை போடாதீங்க. என் வீட்ல இருக்கறவளை இருபத்தி மூணு நாளும் வேற பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. பிழைச்சு வந்துட்டா."

அந்த மனைவி அவருடைய தொப்பியையும் பித்தளைப் பட்டன்களையும் பார்த்தாள். "நீங்க யாருங்க இதைச் சொல்ல? இங்க மேனேஜர்னு யாரும் இல்லியா?"

லிப்ட்காரர் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. பெரியவர் மூச்சை இழுத்தார், விட்டார்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "நான்தாங்க மேனேஜர்" என்றார். "அவர் சொல்றபடி பண்ணுங்க."

பிறகு முன்னால் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வெளியே இறங்கி, பேரன் வயசுக்காரர் மாதிரி வேகமாக ஓடினார், ஆம்புலன்ஸ் டிரைவர் சாப்பிடப் போய்விட்டாரா என்று பார்க்க.